சீனியவரைக்காயில் மீன் வாடை

துறைமுகத்தில் கண்டெய்னர்களின் சீல் உடைபட்டிருக்கிறதா என்று பார்ப்பது என் வேலையாக இருந்தது. சந்தேகப்படுவதற்குச் சம்பளம். ஓய்வு பெற்றதும் சம்பளம் நின்றது, சந்தேகம் நிற்கவில்லை.

போன வைகாசியில் மனைவி விசாகம் வரைக்கும் இருபத்தொரு நாள் விரதம் இருந்தாள். மகளுக்கு ஏழாம் மாதம். பயணமே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டதால் சென்னையிலேயே படுத்த படுக்கையாகக் கிடந்தாள். அவளுக்காகத்தான் இந்த விரதம். என் மனைவிக்கு மதியம் ஒரு வேளைதான் சாப்பாடு. மீன் பட்ட பாத்திரத்தில் சமைத்தால் விரதம் போச்சு. மீன் சட்டிகளைச் சாக்கில் போட்டு இறுக்க முடிச்சிட்டுப் பின்கட்டில் வைத்துவிட்டாள். பத்தொன்பதாம் நாள் அவள் ஆபீஸில் ஆடிட். விடிந்ததும் கிளம்பியவள், மத்தியானம் வந்து சாப்பிடுவதாகச் சொல்லிச் சமையலை என் தலையில் கட்டினாள். சோறும் ஒரு பொரியலும் போதும், வேறு வித்தை எதுவும் காட்ட வேண்டாம் என்பது உத்தரவு.

மீன்பிடித் தடைக்காலம் அது. விசைப்படகெல்லாம் கரையில் கிடந்தது. எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவன் அதே ஸ்கூட்டரில், அதே ஐஸ் பெட்டியில், அதே ஹாரனை அமுக்கிக்கொண்டு காய் விற்க வந்தான். எனக்கு அங்கேயே மூக்கு விடைத்தது.

பெட்டி நிறையச் சீனியவரைக்காய். மற்ற ஊர்க்காரர்கள் கொத்தவரங்காய் என்பார்கள். அநியாயத்துக்குப் பச்சையாக இருந்தது. சாயத்தில் முக்கியிருப்பான் என்று வேட்டி நுனியை நனைத்துத் தேய்த்தேன். வேட்டியின் அழுக்குதான் காய்க்குப் போனது. பிறகு விரலால் அமுக்கினேன், மோந்தேன், புரட்டிப் பார்த்தேன். காலமெல்லாம் மீன் வாங்கிய கைக்கு வேறு எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை.

"அண்ணாச்சி, இதுக்குச் செவுளு கெடையாது. ஒடிச்சுப் பாருங்க" என்றான்.

சடக்கென்று ஒடிந்தது. நார்கூட இல்லை. குறை ஒன்றும் அகப்படாததே பெரிய குறையாகப் பட்டது எனக்கு. கொற்கைப் பக்கம் காலையில் பறித்தது என்றதையும் நம்பவில்லை. நம்பாமலேயே அரைக் கிலோ வாங்கினேன்.

பாதியை எடுத்து முனை கிள்ளிப் பொடியாக நறுக்கி, உப்பும் மஞ்சளும் போட்டு வேகவைத்தேன். தேங்காய், சீரகம், பச்சைமிளகாயைச் சதைத்து வைத்துக்கொண்டேன். இரும்புச் சட்டியில் கடுகு, உளுந்து, கறிவேப்பிலை தாளித்துக் காயைக் கொட்டிக் கிளறி, தேங்காயைப் போட்டு மூடினேன். மூடி இடுக்கிலிருந்து ஆவி வந்தது. கூடவே மீன் வாடையும் வந்தது.

பிடித்துவிட்டேன் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். உடனே அவனுக்குப் போன் போட்டு, பெட்டியைக் கழுவினாயா இல்லையா என்று விசாரணையைத் தொடங்கினேன். தடைக்காலம் தொடங்கியதுமே பினாயில் ஊற்றித் தேய்த்து ஒரு வாரம் வெயிலில் கவிழ்த்துப் போட்டிருந்தானாம்.

"வாடை வந்தா பினாயில் வாடைதான் வரும் அண்ணாச்சி. மீன் வாடைன்னா அது ஒங்க சட்டி."

மீதிக் காயை மோந்து பார்த்தேன். வெறும் பச்சை வாசம். அப்போதுதான் முந்தின நாள் மத்தியானம் நினைவுக்கு வந்தது. மனைவி சாப்பிட்டு ஆபீஸ் திரும்பியதும், புன்னைக்காயல் நண்பர் கொடுத்த கருவாட்டை வறுத்துத் தின்றிருந்தேன். சாக்கு முடிச்சை அவிழ்த்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்று சீல் பார்த்த மூளை சொன்னதால், கைக்கு எட்டிய இந்த இரும்புச் சட்டியில் வறுத்தேன். கழுவி மாட்டி, ஊதுவத்தியும் கொளுத்தி வைத்தேன்.

யோசித்து முடிப்பதற்குள் அவள் வாசலில் நின்றாள். மூக்கு ஒரு தடவை சுருங்கியது.

"அந்த மீன்காரப் பய பெட்டியில..." என்று தொடங்கினேன்.

அவள் பின்கட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தாள். "முடிச்சு அப்படியே கெடக்கு. இந்தச் சட்டியில என்னத்த வறுத்திய?"

"கருவாடு."

"எப்போ?"

"நேத்து, நீ சாப்பிட்டுப் போன பெறவு."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். விரல்விட்டு எதையோ எண்ணினாள். நேற்றைய சாப்பாடு அதற்கு முந்தியது, இன்றையது இன்னும் அவள் வாய்க்குப் போகவில்லை. மூச்சு விட்டாள். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

குளித்துவிட்டு வந்து, பூஜை அலமாரியிலிருந்து பொங்கல் வைக்கும் வெண்கலப் பானையை எடுத்தாள். மீதிக் காயை என்னையே நறுக்கச் சொன்னாள். கத்தியை அவளே கழுவித் தந்தாள். நான் உப்புப் போட்டபோதுகூட என் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முதல் பொரியலை என்ன செய்வது என்று கேட்டேன். தின்னச் சொன்னாள். அது ரொம்ப நன்றாக இருந்தது என்பதை மட்டும் இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

இரண்டாவது பொரியல் இறங்கியதும் தட்டில் சோறு போட்டாள். ஒரு கரண்டிக் காயை எடுத்து முதலில் என் கையில் வைத்தாள். நான் மென்று விழுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உட்கார்ந்து சாப்பிட்டாள்.