ட்ராலி இடித்த கை

எங்கள் கம்பெனியில் ஒருவருக்கு அடிபட்டால் ஐந்து முறை ‘ஏன்’ கேட்பார்கள். அதற்கென்றே ஒரு படிவம் உண்டு. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்கிற இடம். நான் அங்கே லைனில் வேலை பார்த்தேன்.

அன்று என் இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. காலையில் புருஷன் பிடித்து முறுக்கிய கை. ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே என்பீர்கள். முன்பு ஒருமுறை ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அந்தப் புண்ணியவான் வெளியே உட்கார்ந்திருந்த என் புருஷனை உள்ளே கூப்பிட்டு, “ஏம்ப்பா, பொம்பளைய அடிக்கலாமா?” என்று புத்தி சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்ததும் அதற்கும் சேர்த்து வாங்கினேன். அதோடு டாக்டர் என்றாலே வெறுத்துவிட்டது.

அதனால் ஷிப்டு தொடங்கி அரை மணி நேரம் கழித்து முதலுதவி அறைக்குப் போய், ட்ராலி இடித்துவிட்டது என்றேன். நர்ஸம்மா ஒன்றும் கேட்கவில்லை. கம்பெனி வண்டியில் கூடவே வந்து எக்ஸ்ரே எடுக்கவைத்தார். எலும்பில் விரிசல். கட்டுப் போட்டுத் திரும்பக் கூட்டிவந்தார். புருஷன் கூட வராத வைத்தியம் என்பதே எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

பிறகு சேஃப்டி ஆபீசர் படிவத்தோடு வந்தார். ஏன் இடித்தது? ஏன் குறுக்கே போனீர்கள்? ட்ராலி ஏன் அங்கே நின்றது? ஐந்துக்கும் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பொய் சொல்லிப் பழகியவளுக்கு அது ஒரு சிரமமே இல்லை.

ஷிப்டு முடிவதற்குள் எல்லா ட்ராலிக்கும் மூலையில் ரப்பர் ஒட்டிவிட்டார்கள். இனி யாருக்கும் அடிபடக் கூடாதாம். ஒரு பாவமும் அறியாத இரும்பை இத்தனை பேர் கூடித் திருத்துவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. பென்னலூரில் எங்கள் தெருவில் எட்டு வருஷமாக என் சத்தம் கேட்டவர்கள் யாரும் ஒரு ‘ஏன்’ கேட்டதில்லை. நேராக நர்ஸம்மாவிடம் போனேன்.

“ட்ராலி இல்ல சிஸ்டர்.”

“தெரியும்மா. நீ வரும்போதே வெரல் தடம் இருந்துச்சு.”

“அப்போ இன்னாத்துக்குக் கேக்கல?” கோபமாகத்தான் கேட்டேன்.

“கேட்டா அடுத்த தபா ஒடஞ்ச கையோட வூட்லயே கெடப்ப. இங்க வரமாட்ட.” பதிவேட்டைத் திறந்தார். “இப்ப நீயா சொல்றல்ல, சொல்லு. எழுதிக்கறேன்.”

சொன்னேன். எழுதி முடித்துப் பேனாவை மூடினார். “இன்னிக்கும் அந்த வூட்டுக்கா போவப்போற?”

வாசலில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

“பஸ்ஸு அங்கதான சிஸ்டர் போவுது” என்றேன்.