துரை வளர்த்த இருவாச்சி

எனக்குப் பிடித்த ஓவியர் ஒரு வெள்ளைக்காரத் துரை. நூறு வருஷங்களுக்கு முன்னால் மலாயாவில் சுங்கை சிப்புட் பக்கம் காட்டை வெட்டி ரப்பர் நட வந்தவர். ஓய்வு நேரமெல்லாம் பறவைகளைச் சுட்டு, மேசைமேல் கிடத்தி வரைவார். அந்தக் காலத்தில் பலரும் அப்படித்தான் வரைந்தார்கள். அவர் இறந்த பிறகு தங்கை அச்சிட்ட படப்புத்தகம் ஈப்போவில் ஒரு பழைய கடையில் எனக்குக் கிடைத்தது. அவரைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் தங்கையின் முன்னுரை சொன்னதுதான்.

ஒருநாள் ஆட்கள் வெட்டிச் சாய்த்த பெருமரத்தின் பொந்துக்குள் ஓர் இருவாச்சி நசுங்கிக் கிடந்தது. அதன் குஞ்சு மட்டும் உயிரோடிருந்தது. மரத்தை வெட்டச் சொன்னவரே துரைதான். குஞ்சைச் சட்டைக்குள் பொத்தி எடுத்துப்போய், பப்பாளியைப் பிசைந்து விரலால் ஊட்டினார். அப்புறம் துப்பாக்கியைத் தொடவேயில்லையாம்.

புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் அந்த ஒரு பறவைதான். நாற்காலி முதுகில் நிற்கும். அவர் தொப்பியைக் கொத்தும். ஓயாத காய்ச்சலில் அவர் கை நடுங்கி, கோடுகளும் நடுங்கியிருக்கும். எனக்கு அந்தப் படங்கள்தான் உயிர்.

ஈப்போ பக்கம் செமோரில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு, போன மாதம் துரையின் தோட்டத்தைப் பார்க்கும் ஆசை வந்தது. கணவரின் மோட்டார் சைக்கிளில் கிளம்பினோம். வேகமாகப் போகச் சொன்னேன்.

"செத்துப்போன தொரைக்கு என்ன அவசரம்? மெதுவா போலாம்லா" என்றார்.

அங்கே ரப்பர் இல்லை, எண்ணெய் எடுக்கும் செம்பனைதான். பழைய தொழிலாளர் லயத்து வாசலில் ஒரு அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"தொர பங்களாவா? அத எப்பவோ ஒடச்சிட்டாங்கலா."

"இருவாச்சியாவது வருமாக்கா?"

"மலாய்க்காரங்க சொல்ற எங்காங்கத்தான கேக்குறீங்க? என் பப்பாளியெல்லாம் அதுங்கதான் தின்னுதுங்க. உக்காருங்க, வரும்."

ஜோடியாக வந்தன. ஆண் பழத்தைக் கிள்ளிப் பெண்ணின் அலகில் வைத்தது. இத்தனை வருஷமும் புகைப்படம் பார்த்தே வரைந்தவள் நான். அன்றுதான் உயிருள்ள பறவையைப் பார்த்து வரைந்தேன். தூறல் விழ, கணவர் தாளுக்குக் குடை பிடித்தார், அவர் நனைந்தார்.

அக்கா எட்டிப் பார்த்தார். "வால் எங்க?"

"வரையறதுக்குள்ள பறந்துருச்சுக்கா."

"நாளைக்கும் வரும்லா. வந்து வரஞ்சிட்டுப் போங்க" என்று சிரித்தார்.

மறுநாள் காலை நான் தலை வாரி முடிப்பதற்குள் கணவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.