ஒரே ரத்தம், இரண்டு லேப்

வேலை முடிந்து உப்பல் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை.

ஆயிரக்கணக்கானவர்களின் மரபணுத் தரவை அலசி, சர்க்கரை நோய்க்கான ஒரு மரபணு மாற்றத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று எங்கள் டீமுக்கே கொண்டாட்டம். எனக்கு மட்டும் சந்தேகம். நோயாளிகளின் ரத்தத்தை ஒரு லேபில் சோதித்தோம். நோய் இல்லாதவர்களுடையதை இன்னொரு லேபில். தெரிந்த வித்தியாசம் வெறும் மெஷின் வித்தியாசமாக இருந்தால்?

என் ரத்தத்தை இரண்டு லேபுக்கும் அனுப்பினேன். நோயாளிகளைச் சோதித்த லேபின் முடிவில் அந்த மாற்றம் எனக்கு இருக்கிறது. மற்றதில் இல்லை.

இன்று மீட்டிங்கில் அதைத் திரையில் காட்டினேன்.

காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸில் வளர்ந்து, தமிழில் உருது கலந்து பேசும் எங்கள் டீம் தலைவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நக்கோம்மா, வேணாம். நாளைக்கு பிரஸ் மீட். இப்ப இதைக் கிளப்பாதே. ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடு."

"போட மாட்டேன் சார். இதை நம்பி யாராவது மருந்து சாப்பிடுவாங்க."

"அப்ப நீ வேற டீமுக்குப் போக வேண்டியிருக்கும்."

"போறேன் சார். கையெழுத்து மட்டும் வராது."

என் கையெழுத்து இல்லாததால் பிரஸ் மீட்டைத் தள்ளிவைத்துவிட்டார்கள். என்னையும்தான்; திங்கள்கிழமை முதல் வேறு டீம். அங்கேயும் தப்பைத் தப்பென்றுதான் சொல்வேன்.

உங்கள் ஆபீஸில் இப்படிச் சொல்பவர்களை எந்த மூலையில் உட்கார வைக்கிறார்கள்?