விண்டர் வண்டுகள்

பக்கத்து நிலத்துக் குப்பையால் ஒரு வீட்டுக்குத் தொல்லை வந்தால், நில உரிமையாளருக்கு நோட்டீஸ் அனுப்பி அதை அகற்ற வைப்பது ஊராட்சி மன்றத்தின் பொறுப்பு. விதி அப்படித்தான் சொல்கிறது. அந்த நோட்டீஸ்களைத் தயாரிக்கும் மேசையில்தான் ஓய்வு பெறும்வரை உட்கார்ந்திருந்தேன்.

சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், கைவிடப்பட்ட ரப்பர் தோட்டத்தின் மிச்சமாக ஒரு துண்டு நிலம் இருக்கிறது. மரங்கள் இலை உதிர்த்ததும் சருகுக்குள் கறுப்பு வண்டுகள் பெருகும். மழை தொடங்கினால் எங்கள் கூரைக்குள் ஏறி மாதக்கணக்கில் தூங்கும். கடிக்காது, எதையும் தின்னாது. நசுக்கினால் நாறும், கையில் பட்டால் எரியும். அவ்வளவுதான்.

முந்திய ஆண்டு மருந்து அடித்தோம். வண்டுகள் செத்தன. மனைவி மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதனால் இந்த முறை, மழைக்கு முன்பே சருகை அள்ளச் சொல்லி மன்றத்துக்குப் புகார் எழுதினேன். தோட்டத்தில் இலை உதிரும் காலத்தை எல்லோரும் ‘விண்டர்’ என்பார்கள். நானும் அப்படியே எழுதிவிட்டேன்.

மழை வந்தது, பதில் வரவில்லை. அந்தியில் வீட்டு விளக்குகளை அணைத்து, பின்வாசலில் ஒரு பல்பை மட்டும் எரியவிடுவேன். அதனடியில் விழுபவற்றைத் துடைப்பத்தால் மெல்ல வாளிக்குள் தள்ளி, மரத்தடியில் கொட்டிவிட்டு வருவேன். மறுநாள் அவை திரும்பி வரும்.

“அண்ணே, டெய்லி ஏத்தி எறக்குறீங்களே, பஸ்ஸா ஓட்டுறீங்க?” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். “ஒரு டின் அடிச்சா முடிஞ்சிடும்லா.”

“அடிக்கட்டும்,” என்று உள்ளிருந்து மனைவி குரல் கொடுத்தாள். “அப்புறம் குனோங் ராபாட்ல என் தங்கச்சி வீட்டுல வந்து என்னைப் பாத்துக்கட்டும்.”

புகார் என்ன ஆயிற்று என்று மன்றத்துக்குப் போய்க் கேட்டேன். கவுன்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்தாள்.

“ஐயா, நம்ம நாட்டுல ஏது விண்டர்? வெளிநாட்டுப் பூச்சின்னு வேற டிப்பார்ட்மென்டுக்கு அனுப்பிட்டாங்க.”

“விண்டர் மரத்துக்கும்மா.”

“மரத்துக்கா?” என்றவள் அடுத்த எண்ணைக் கூப்பிட்டாள்.

ஒரு நாள் படுக்கையில் விழுந்த வண்டுமேல் மனைவி புரண்டுவிட்டாள். அந்த நாற்றத்திலேயே இழுப்பு வந்தது. பையை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள். “அந்தச் சருக அள்ளுனா சொல்லுங்க, வாரேன்.”

இனி மருந்து அடிக்கத் தடையில்லை. ஆனால் அவள் திரும்பி வரும்போது வீட்டில் அந்த நெடி இருக்கக் கூடாதே என்று வாளியையே தூக்கினேன். கருணை என்று யாரும் பாராட்ட வேண்டாம். ஆண்டு முடிவதற்குள் வண்டுகள் தாமாகவே இறங்கிப் போயின. அவள் வரவில்லை. சருகு அங்கேயேதான் கிடந்தது, அதன்மேல் புது இலைகளும் உதிரத் தொடங்கின.

பிறகு பதில் வந்தது. மேற்படி பூச்சிகள் எந்த நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டன என்பதைத் தெரிவிக்குமாறு கேட்டிருந்தார்கள். அன்று தைப்பூசத்துக்கு மறுநாள், மரங்களுக்கு மறுபடியும் விண்டர்.