மிஸஸ் லுசிண்டா டாண்டிக்கு வந்த உறை

என் அக்காள் மொசெல் வீட்டில் வால்நட் மரத்தில் செய்த சாப்பாட்டு மேசை ஒன்று இருந்தது. எட்டுப் பேர் உட்காரலாம். முப்பது வருஷத்தில் நான் அதில் சாப்பிட்டது இரண்டே தடவை, இரண்டும் சாவு வீட்டுச் சாப்பாடு. மற்ற நாளெல்லாம் அத்தானின் பழைய தபால் உறைகள் அதன்மேல் பரப்பிக் கிடக்கும். நாங்கள் பீன்ஸும் சோள ரொட்டியும் போட்ட தட்டை மடியில் வைத்துக்கொண்டு அடுப்படியில் சாப்பிடுவோம்.

"ஏன் அத்தான், செத்துப்போனவங்க கடுதாசி எல்லாம் மேசையில உக்காந்திருக்கு. உசிரோட இருக்கற நாங்க மூலையில குந்தித் திங்கறோம்" என்பேன்.

"கடுதாசி இல்ல வினி, உறை. கடுதாசியில மனுஷன் பொய் எழுதுவான். உறையில எழுத முடியாது. எழுதினா போய்ச் சேராது."

"இது என்ன சோறா போடப்போகுது?"

"முப்பத்தாறு வருஷம் போட்டுச்சே. உங்கக்கா போட்டிருக்கற காதுத்தோடு எதுல வந்ததுன்னு கேளு."

அது உண்மைதான். அத்தான் ரயில் தபாலில் வேலை பார்த்தவர். சின்சினாட்டியில் வண்டி ஏறினால் டென்னசி போய்ச் சேரும்வரை ஓடுகிற பெட்டியில் நின்றபடியே கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிப்பார். எங்கள் கருப்பு ஆட்களில் படித்தவனுக்கு அந்தக் காலத்தில் கிடைத்த நல்ல வேலை அது. கென்டக்கியில் எந்த ஊர்த் தபால்காரன் முத்திரையை எப்படிக் குத்துவான் என்பது அவருக்கு அத்துப்படி.

பெயர் லெமுவேல் டாண்டி. பீட்டன் டாண்டிக்கும் லுசிண்டாவுக்கும் பிறந்த பதினோரு பேரில் கடைக்குட்டி. மூத்தவன் ஹார்வி, தண்டவாள வேலையில் கால் போனவன். அடுத்தவள் சூசன் எங்கள் சித்தப்பா வீட்டில் வாழ்க்கைப்பட்டாள். அந்த வழியில்தான் இவர் எங்களுக்குச் சொந்தமானார். நடுவில் இரட்டைப் பிள்ளைகள், தங்கவில்லை. இவர் பிறந்தபோது தாய்க்கு நாற்பத்திரண்டு வயது.

அவர் சேர்த்ததெல்லாம் வடக்கும் தெற்கும் அடித்துக்கொண்ட உள்நாட்டுப் போர்க்கால உறைகள். அப்போது ஆளாளுக்குத் தேசபக்தி தலைக்கேறி, உறையின் இடது மூலையில் படம் போட்டு விற்றிருக்கிறார்கள். கொடி, கழுகு, வாளேந்திய பெண், தெற்கின் தலைவனைத் தூக்கில் தொங்கவிட்ட படம். தெற்கத்தி உறைகளில் அவர்கள் கொடி. போகப்போகத் தெற்கில் காகிதம் தீர்ந்து, வந்த உறையையே உள்வெளியாகத் திருப்பி ஒட்டி மறுபடி அனுப்பியிருக்கிறார்கள். சுவர்க்காகிதத்தில் செய்த உறைகூட அத்தானிடம் உண்டு.

எங்களைக் கேலி செய்து அச்சடித்த உறைகளும் இருந்தன. தடித்த உதடும் பிதுங்கிய கண்ணுமாக ஓடிப்போகிற அடிமை, சாட்டையோடு துரத்துகிற எஜமான். சபைப் போதகர் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டார்.

"சகோதரர் டாண்டி, இந்த அசிங்கத்தை வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டு எப்படி ஜெபம் பண்றீங்க?"

"நம்மள என்னவா நெனச்சாங்கன்னு அவங்களே அச்சடிச்சு, தபால்தலை ஒட்டி, முத்திரையும் குத்திக் குடுத்திருக்காங்க ஐயா. இதை நான் எரிச்சா அவங்களுக்குத்தான் நன்மை."

அதன்பிறகு போதகருக்கு எப்போதும் அந்தப் படங்களுக்கு முதுகு காட்டும் நாற்காலியைத்தான் போடுவாள் அக்காள்.

அத்தானின் தாய் லுசிண்டாவை நான் பார்த்திருக்கிறேன். 1927-இல் செத்தாள். அவள் ஹார்கிஸ் பண்ணையில் அடிமையாகப் பிறந்தவள். 1864-இல் புருஷன் பீட்டன் ஓடிப்போய் நெல்சன் முகாமில் வடக்கின் கருப்பர் படையில் சேர்ந்தான். பதினெட்டு வயதுக்காரி, பண்ணையிலேயே மாட்டிக்கொண்டாள். பத்து மாதம். போர் முடிந்து அவன் வந்தான், பதினோரு பிள்ளை பெற்றார்கள், ஆனால் அந்தப் பத்து மாதத்தை அவள் விடவேயில்லை.

"ஒரு வரி எழுதிப்போடத் தோணல இந்த மனுஷனுக்கு" என்பாள்.

"எழுதினேன்டி. முகாம் பாதிரியார் கையால எழுதச் சொல்லி அனுப்பினேன்."

"அனுப்பினா எங்க? பாதிரியார் தின்னுட்டாரா?"

கிழவன் 1909-இல் போனான். அதற்குப் பிறகும் அவள் நிறுத்தவில்லை. தன்னை அவன் பக்கத்தில் புதைத்தால், அவனுக்கு முதுகு காட்டிப் படுக்க வைக்கச் சொன்னாள். சிரித்துக்கொண்டு சொல்கிறாள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். சாகும்போதும் அதையே சொன்னாள்.

1949-இல் ஹார்கிஸ் பண்ணை வீட்டுப் பழஞ்சாமான்களை ஏலம் விட்டார்கள். அத்தான் பின்வரிசையில் நின்று பழைய கடிதங்கள் அடைத்த பிஸ்கட் டின் ஒன்றை எடுத்தார். போட்டிக்கு யாரும் வரவில்லை. வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாக எடுத்து, முதலில் முதுகுப்பக்கம் பார்த்து, பிறகு திருப்பி வைத்துக்கொண்டு வந்தவர், ஒன்றில் நின்றுவிட்டார். நானும் அக்காளும் அவரவர் தட்டோடு அடுப்படியில் இருந்தோம்.

"மொசெல், இங்க வா" என்றார்.

சிவப்பும் நீலமுமாகக் கொடியைச் சுமந்த கழுகு. நெல்சன் முகாம் முத்திரை, அக்டோபர். நடுவில் அழகான கையெழுத்தில்: மிஸஸ் லுசிண்டா டாண்டி, ஹார்கிஸ் பண்ணை. அதில் 'மிஸஸ்' என்பதன்மேல் ஒரு கோடு. 'டாண்டி'யின்மேல் ஒரு கோடு. ஓரத்தில் வேறு கையெழுத்தில், பண்ணை எஜமான் ஹார்கிஸ் எழுதியது, பழைய ஆட்கள் வந்த கடிதத்தில் குறிப்பு எழுதி வைப்பார்களே அதுபோல: 'லூஸுக்கு. அக். 9 வந்தது. அவளிடம் வாசிக்கவில்லை.' லுசிண்டாவைப் பண்ணையில் குறுக்கிக் கூப்பிட்ட பெயர் லூஸ்.

உள்ளே கடிதம் இல்லை. உறை மட்டும்தான்.

அவள் செத்து இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது.

இதிலே நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். மறுநாள் அத்தான் வெளியே போனபோது, அந்தக் கோட்டைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெள்ளைச் சட்டைக் கைக்கறையைப் பழைய ரொட்டித் துண்டால் தேய்த்து எடுப்பேன், சலவைக்காரி ஆயிற்றே. அதே மாதிரி 'மிஸஸ்' மேலிருந்த கோட்டைத் தேய்க்க ஆரம்பித்தேன். அத்தான் உள்ளே வந்தார். கையைப் பிடித்தார். என்னை அவர் கடிந்து பேசியது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான்.

"அந்தக் கோட்டை அழிச்சா, அவன் கோடு போட்டதுக்கு என்ன சாட்சி?"

இப்போதும் அந்த 'மி' கொஞ்சம் வெளுத்துத்தான் இருக்கும். அது என் வேலை.

1961-இல் அந்தப் போர் தொடங்கி நூறு வருஷம் ஆனது. நகர நூலகத்தில் கண்காட்சி வைத்தார்கள். நடத்தியது மிஸஸ் ஹார்கிஸ், அந்தப் பழைய ஹார்கிஸின் பேரன் பெண்டாட்டி. இந்த வட்டாரத்தில் அத்தானிடம் இருப்பதுபோல உறைகள் யாரிடமும் இல்லை என்று அந்த அம்மாளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். காரில் வந்து இறங்கினாள்.

"லெமுவேல், உன்கிட்ட பொக்கிஷமே இருக்காமே. எங்களுக்குக் குடுத்து உதவணும்."

அவளுக்கு ஐம்பது, அத்தானுக்கு எழுபத்துமூன்று. எங்கள் ஆட்களை வெள்ளைக்காரர்கள் வெறும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். வயது முற்றினால் 'அங்கிள்' என்பார்கள், 'மிஸ்டர்', 'மிஸஸ்' என்று மட்டும் வாயில் வராது.

"குடுக்கறேன் அம்மா. ஒரே ஒரு நிபந்தனை. எந்த உறைக்குக் கீழ என்ன எழுதணும்னு நான்தான் எழுதித் தருவேன்."

"அவ்வளவுதானே" என்று சிரித்தாள்.

நாற்பத்தாறு உறைகளைச் சட்டமிட்டு, அத்தானே கொண்டுபோய்த் திருகாணி போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு வந்தார். அன்று அந்த அம்மாள் அங்கே இல்லை. நாற்பத்தாறாவதுதான் தாயின் உறை. அதன் அட்டையில் அவர் எழுதியது: 'சிப்பாய் பீட்டன் டாண்டி தம் மனைவி மிஸஸ் லுசிண்டா டாண்டிக்கு எழுதியது. சேர்ப்பிக்கப்படவில்லை.'

நூலகத்துக்குள் எங்களை வியாழன் மத்தியானம் மட்டும்தான் விடுவார்கள், அதுவும் பின்வாசல் வழியாக. திறப்பு விழா முடிந்த வியாழக்கிழமை அத்தான், அக்காள், நான் மூன்று பேரும் தேவாலயத்துக்குப் போகிற உடுப்பில் போனோம். மற்ற அட்டைகளெல்லாம் அப்படியே இருந்தன. நாற்பத்தாறாவதில் மட்டும் புது அட்டை. 'ஹார்கிஸ் பண்ணை வேலைக்காரி லூஸுக்கு வந்த உறை.'

அத்தான் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு மிஸஸ் ஹார்கிஸ் இருந்த மேசைக்குப் போனார்.

"அம்மா, நாப்பத்தாறாவது அட்டை மாறிப்போயிருக்கு."

"மாறல, லெமுவேல். நான்தான் மாத்தினேன். அந்தக் காலத்துல அவங்களுக்கு மிஸஸும் கிடையாது, ரெண்டாவது பேரும் கிடையாது. சரித்திரம் சரியா இருக்கணுமில்லையா?"

"உறையில எழுதியிருக்கே."

"அது யாரோ ஒரு பாதிரியார் ஆர்வத்துல எழுதினது. இங்க பாரு, ஓரத்துல இருக்கறது எங்க வீட்டுக்காரரோட தாத்தா கையெழுத்து. ஊர் பூரா வந்து பார்க்குது. எல்லாரும் நல்லவங்கதான் அந்தக் காலத்துல. எதுக்குப் பழசைக் கிளறிக்கிட்டு?"

"நூறு வருஷத்துக்கு முந்தினதைப் பார்க்கத்தானே அம்மா சுவத்துல மாட்டியிருக்கீங்க?"

பின்னால் யாரோ இருமினார்கள். அந்த அம்மாள் முகம் சிவந்தது.

"வேணும்னா அந்த ஒண்ணை மட்டும் எடுத்துட்டுப் போயேன்."

அத்தான் நிதானமாகச் சொன்னார்: "முப்பத்தாறு வருஷம் தபால் பிரிச்சிருக்கேன். எத்தனையோ மோசமான கையெழுத்து, எத்தனையோ பிடிக்காத பேர். அனுப்பினவன் உறைமேல என்ன எழுதறானோ அதுதான் விலாசம். வாங்கிப் பிரிக்கிறவனுக்கு அதை மாத்த உரிமை கிடையாது. உங்க வீட்டுக்காரரோட தாத்தா ஒருதரம் மாத்தினார். நீங்க ரெண்டாந்தரம். மூணாவதுக்கு நான் இடம் குடுக்க மாட்டேன்."

கோட்டுப் பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். ஒன்றாவது சட்டத்திலிருந்து ஆரம்பித்தார். எல்லாவற்றையும் கழற்றினார். ஒரு மணி நேரம் ஆனது. ஒருவரும் தடுக்கவில்லை; சொந்தப் பொருளை எடுப்பவரை என்ன சொல்லித் தடுப்பது? முடிந்தபோது பாதிச் சுவர் காலியாக, திருகாணி ஓட்டைகளோடு நின்றது. பின்வாசலுக்குத் திரும்பிய என்னை அக்காள் தோளைப் பிடித்து நிறுத்தினாள். வாயே திறக்காத என் அக்காள், போய் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். நாங்கள் முன்படிகளில் இறங்கி வந்தோம்.

நூலகத்துக்கு நேர் எதிரே என் சலவைக்கடை. தெருவைப் பார்த்த பெரிய கண்ணாடி.

"இதுல மாட்டுங்க அத்தான்."

"யோசிச்சுச் சொல்லு வினி. உன்கிட்ட துணி போடறதெல்லாம் அவங்கதான். பொழப்பு போயிடும்."

"போனா அவங்க சட்டையை அவங்களே தொவைக்கட்டும். அழுக்கு எவ்வளவு இருக்குன்னாவது தெரியட்டும்."

நாற்பத்தாறையும் மாட்டினோம், கடைசி உறைக்கு அத்தான் மறுபடி எழுதிய அட்டையோடு. நூலகத்தைவிட இங்கே கூட்டம். சிலர் நின்று படித்துவிட்டு உள்ளே வராமலே போனார்கள். சிலர் துணியைத் திரும்பக் கேட்டு வாங்கிப் போனார்கள். அத்தானுக்கு இன்னும் மனசு ஆறவில்லை. "சேர்ப்பிக்கப்படவில்லை" என்ற தன் எழுத்தையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஒரு தபால்காரருக்குப் பொறுக்காத சொல்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை. கடையில் துணி வாங்க நாலு பேர் நின்றார்கள். மூன்று பேர் வெள்ளைக்காரப் பெண்கள். தபால்காரர் க்ரப்ஸ் உள்ளே வந்தார். எப்போதும் "வினி, இந்தா" என்று மேசைமேல் வீசிவிட்டுப் போகிறவர், அன்று வீசவில்லை. என் கடை விலாசத்துக்கு ஒரு பதிவுத் தபால். உரியவர் பெயரைக் கேட்டு, கையெழுத்து வாங்கித்தான் கொடுக்க முடியும். சட்டம் வாஷிங்டனுடையது.

உறையைப் பார்த்தார், கண்ணாடியில் இருந்த உறையைப் பார்த்தார், மறுபடி கையிலிருந்ததைப் பார்த்தார்.

"லுசிண்டா டாண்டி" என்றார்.

"முழுசா வாசிங்க."

"வினி, இது என்ன விளையாட்டு?"

"தபால்தலை ஒட்டியிருக்கு, பதிவு எண் இருக்கு. விளையாட்டுன்னா திருப்பி எடுத்துட்டுப் போய் காரணம் எழுதுங்க. என்ன காரணம் எழுதுவீங்க?"

நின்ற பெண்களில் ஒருத்தி கையுறையைக் கழற்றினாள், மறுபடி போட்டாள். க்ரப்ஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மிஸஸ்" என்றார். பிறகு, ஆரம்பித்ததை முடிப்பதுபோல, "மிஸஸ் லுசிண்டா டாண்டி."

"அவங்க இல்ல. அவங்களுக்காக நான் வாங்கிக்கறேன்."

மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். ரசீதில் அவள் முழுப் பெயரையும் எழுத்து எழுத்தாகக் கூட்டி எழுதினேன், 'மிஸஸ்' உட்பட. வழக்கமாக வேகமாகப் போகிறவர் நான் முடிக்கும்வரை நின்றார். உறையை அங்கேயே பிரித்தேன். அத்தானின் கையெழுத்தில் ஒரே வரி. அந்த நாலு பேர் காதிலும் விழும்படி வாசித்தேன்.

"அம்மா, அப்பா எழுதியிருந்தார்."

பிறகு அந்தப் புது உறையைப் பழையதன் கீழே ஒட்டினேன். ஒரு கோடும் இல்லாமல் சுத்தமாக இருந்தது. அத்தான் சாயங்காலம் வந்து பார்த்தார், உள்ளே போய்ப் பேனாவை எடுத்துவந்து தன் அட்டையில் 'சேர்ப்பிக்கப்படவில்லை' என்பதை அடித்துவிட்டு, அதன் பக்கத்தில் அன்றைய தேதியைப் போட்டார்.

மிஸஸ் ஹார்கிஸின் மேசை விரிப்புகள் அதற்குப் பிறகு என் கடைக்கு வரவேயில்லை. நான் கடையை மூடும்வரை உறைகள் கண்ணாடியில்தான் இருந்தன. கடை மூடியது எழுபத்தெட்டில், அதுவும் என் முழங்கால் வலியால்.