காபியில் சாம்பிராணி வாடை

ராஜபாளையத்தில் சின்னதாகக் காபித்தூள் கடை வைத்திருக்கிறேன். சிக்கரி துளிகூடச் சேர்க்க மாட்டேன் என்பது என் பிடிவாதம். புரட்டாசி சனிக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்திலுள்ள திருவண்ணாமலை என்கிற குன்றில் இருக்கும் பெருமாள் கோயில் அடிவாரத்தில் ஆசையாக ஒரு ஸ்டால் போட்டேன்.

முதல் டம்ளரை வாங்கியவர் ஒரு வாய் குடித்துவிட்டு மீதியைக் கீழே ஊற்றினார். அடுத்தவரும் முகம் சுளித்தார். என் கோபமெல்லாம் பால்காரர் மீது பாய்ந்தது.

"என்ன அண்ணாச்சி, பழைய பாலை என் தலையில கட்டிட்டீகளா?"

"நல்லா இருக்கே தாயி! இப்பக் கறந்த பாலு. மோந்து பாரு" என்று கேனை நீட்டினார்.

பாலில் குறையில்லை. தண்ணீரை மாற்றினேன், பில்டரைக் கழுவினேன். ஒன்றும் சரியாகவில்லை. கடைசியில் ஒரு அம்மா, "ஏம்மா, காப்பியில சாம்பிராணி வாடை வருதே" என்றார்.

தூக்கிவாரிப் போட்டது. முந்தின நாள் வெள்ளிக்கிழமை. வறுத்த கொட்டையைத் தட்டுகளில் ஆறப் போட்டுவிட்டு நான் டம்ளர் வாங்கப் போயிருந்தேன். அந்த நேரத்தில் என் கணவர் கடை முழுக்கப் புகை போட்டிருக்கிறார். கடையே மணந்ததால், அரைக்கும்போது எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

போனில் கேட்டால், "நாளைக்கு ஏவாரம் நல்லா நடக்கட்டும்னு கூடக் கொஞ்சம் போட்டேன்" என்கிறார்! இவரோடு எப்படிச் சண்டை போடுவது? காபிக்கொட்டை பக்கத்து வாசனையை இழுத்துக்கொள்ளும் என்று ஊருக்கெல்லாம் சொன்ன நான், வீட்டில் சொல்லவில்லையே!

இப்போதெல்லாம் கொட்டையை டின்னில் அடைத்து மூடிய பிறகுதான் அவரைத் தூபக்காலைத் தொட விடுகிறேன். பால்காரரிடம் மன்னிப்பும் கேட்டாயிற்று. ஆனாலும் மனுஷர், நான் கொடுக்கும் காபியை இன்றைக்கும் மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறார்.