தாழ்ப்பாள் பேச்சு

என் பெரியம்மா தில்லி மேலவையில் உறுப்பினராக இருந்தார். அம்மாவுக்கு மூத்தவர், கடலூரில் வாழ்க்கைப்பட்டவர். மதராஸ் சட்டசபைக்காரர்கள் ஓட்டுப் போட்டு அவரை அனுப்பியிருந்தார்கள். எங்கள் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி மூன்று நான்கு வருடங்கள்தான் ஆகியிருந்தன. மேலவைக்காரரைப் பிரெஞ்சு வழக்கப்படி ‘செனத்தேர்’ என்று சொல்லிப் பழகிய அப்பா, பெரியம்மாவையும் அப்படியே அழைத்தார். “செனத்தேர் வந்துட்டாங்க, காப்பி போடு” என்பார்.

பெரியம்மா பேசுவதெல்லாம் சபைக் குறிப்பாக அச்சாகி, கட்டுக்கட்டாக சாரம் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கும் வரும். அப்பாவுக்குப் பிரெஞ்சு தெரியும், இங்கிலீஷ் தெரியாது. பள்ளியில் இங்கிலீஷ் படிக்கும் நான்தான் எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டும். மற்ற உறுப்பினர்கள் உலக சமாதானம், அணைக்கட்டு என்று பக்கம் பக்கமாக முழங்கியிருப்பார்கள். பெரியம்மாவுக்குக் கால் பக்கம் தேறினால் அதிகம். பிரசவ ஆஸ்பத்திரியில் தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டிருப்பார். ஒரு மசோதாவில் ‘அவன்’ என்று வரும் இடத்தில் ‘அவள்’ என்றும் சேருங்கள் என்றிருப்பார். ரயில் பட்ஜெட் வந்தாலோ ஒரே பேச்சுதான். பெண்கள் பெட்டிக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வேண்டும்.

வகுப்பில் ஒருநாள் டீச்சர், “உன் பெரியம்மா தில்லியில என்னா பேசறாங்க?” என்று பெருமையாகத்தான் கேட்டார். “தாழ்ப்பாள் பத்தி” என்றேன். வகுப்பே சிரித்தது. அன்று முதல் என் பெயர் தாழ்ப்பாள்.

பெரியம்மாவை ஒரு நல்ல பேச்சுப் பேச வைத்தே தீருவது என்று முடிவு கட்டினேன். எனக்குப் பதினோரு வயது. கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவள். பொங்கலுக்கு வந்த பெரியம்மா எங்கள் வீட்டிலிருந்தே தில்லிக்குப் புறப்படுவதாக இருந்தது. பாரத மாதா, வங்கக் கடல், வீரப் பெண்கள் எல்லாம் வருகிற ஒரு சொற்பொழிவை ஆறு பக்கம் தமிழில் எழுதினேன். தில்லியில் அது யாருக்குப் புரியும் என்கிற யோசனையே எனக்கு வரவில்லை. பெரியம்மாவின் பழுப்புக் கோப்பில் ‘ரயில்’ என்று எழுதிய உறையிலிருந்த தாள்களை உருவிவிட்டு, என் ஆறு பக்கத்தை வைத்துக் கட்டினேன். உருவிய தாள்களை வெந்நீர் அடுப்புக்குப் பக்கத்தில் பழைய பேப்பருக்கு அடியில் ஒளித்தேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது அங்கே எதுவும் இல்லை. அடுப்பு மூட்ட அம்மா எடுத்திருந்தாள்.

சபைக் கூட்டம் முடிந்து வெயில் காலத்தில் பெரியம்மா வந்தார். சாப்பிட்டுக் கை கழுவியபின் என் ஆறு பக்கத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“எனக்குக் குடுத்தது நாலு நிமிஷம். அதுல ஒரு நிமிஷம் உறைக்குள்ள தேடினேன்” என்றார். “எந்த வண்டி, எந்த நாள், யாருக்கு நடந்துதுன்னு மந்திரி கேட்டார். கையில ஒண்ணும் இல்ல. விவரம் குடுத்தா பார்க்கறோம்னுட்டார். உக்காந்துட்டேன்.”

தாள்கள் அடுப்புக்குப் போனதைச் சொன்னேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். பெரியம்மா தடுக்கவில்லை. “அதெல்லாம் பொம்பளைங்க எழுதிக் குடுத்த காயிதம். திரும்ப வாங்கணும். காலையில வண்டிக்கு வா, உன் கையெழுத்து நல்லா இருக்கு” என்றார்.

மறுநாளிலிருந்து விழுப்புரம் வண்டியில் போவதும் வருவதுமாக இருந்தோம். பெரியம்மா ஏறியதும் கதவை இழுத்துப் பார்ப்பார். பிறகு பக்கத்தில் இருப்பவர்களிடம் பேச்சுக் கொடுப்பார். தயிர்க்காரம்மா ஒருத்தி, ஓடுகிற வண்டியில் ஒருவன் தொற்றி ஏறியதையும் கூடையால் அவனை அடித்ததையும் நடித்தே காட்டினாள். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர், தினமும் புடவைத் துணியால் கதவைக் கட்டிவிட்டு உட்காருவதாகச் சொன்னார். ஒவ்வொருவர் சொன்னதையும் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்தோ ரேகையோ வாங்கினேன். ஒரு வாரத்தில் எனக்கே அது பெரிய வேலையாகத் தோன்ற ஆரம்பித்துவிட்டது.

கடைசியாக வழியில் ஒரு சின்ன ஸ்டேஷனில் இறங்கி நடந்தோம். தொலைந்த காகிதங்களில் முதலாவதை எழுதிய பெண் அங்கே இருந்தார். ஆரம்பப் பள்ளி டீச்சர், இருபத்தைந்து வயதிருக்கும். எங்களை உட்கார வைத்து மோர் கொடுத்தார்.

பெரியம்மா சுற்றி வளைக்கவில்லை. “நீ எழுதினது போயிடுச்சும்மா. தப்பு எங்க மேல.”

அவர் மோர்ச் செம்பைத் தரையில் வைத்தார். “ஒரு தடவைதாம்மா எழுத முடிஞ்சுது” என்றார்.

“அதையே திருப்பி எழுதினா போதும். நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்” என்று பேனாவைத் திறந்தேன்.

அந்தப் பெண் எழுந்து உள்ளே போய்விட்டார். பெரியம்மா என் கையிலிருந்த பேனாவை வாங்கி மூடினார். ஸ்டேஷனுக்குத் திரும்பி நடந்தோம். எல்லாரும் சொல்லிவிட்டார்கள், இந்த டீச்சருக்கு மட்டும் என்ன வந்தது என்று எனக்குக் கோபமாக இருந்தது.

அடுத்த வருட ரயில் பட்ஜெட்டில் பெரியம்மா மறுபடி எழுந்தார். அதே தாழ்ப்பாள்தான். இந்த முறை முக்கால் பக்கம் அச்சாகியிருந்தது. வண்டி, நாள், ஊர் எல்லாம் வரிசையாக வாசித்திருந்தார். மந்திரி ஒப்புக்கொண்டார். அதற்கடுத்த மழைக்காலத்துக்குள் எங்கள் வண்டியில் புதுத் தாழ்ப்பாள்கள் வந்துவிட்டன. வகுப்பில் அதைச் சொல்ல யாரும் மிச்சமில்லை, நாங்கள் பெரிய பள்ளிக்குப் போய்விட்டிருந்தோம்.

அந்த முக்கால் பக்கத்தின் முடிவை அப்பாவுக்கு நான்தான் தமிழில் சொன்னேன். ‘இன்னொரு கடிதமும் இருந்தது. அது இப்போது என்னிடம் இல்லை. அதைப் பற்றி எந்த நாள், எந்த வண்டி என்று இந்தச் சபை என்னைக் கேட்க வேண்டாம். நானும் யாரையும் கேட்க மாட்டேன்.’

“ஏன் அப்படிச் சொல்றாங்க?” என்றார் அப்பா.

“நான் தொலைச்சது தெரிஞ்சுடும்ல, அதான்” என்றேன். சபை முன்னாலேயே என்னைக் காப்பாற்றிவிட்டார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த வரிகள் என்னைக் காப்பாற்றச் சொன்னவை அல்ல என்பது தெரிய இன்னும் பல வருடங்கள் ஆயின. அதற்குள் நானும் தனியாக ரயிலேறிப் போகிறவளாகியிருந்தேன்.